சட்டத்தை நீக்கினால் அதற்கு முன் நடந்ததெல்லாம் இல்லையென்று ஆகிவிடுமா?

13 செப்டம்பர் 2025 – பொகவந்தலாவைத் தம்பி ஒருவரின் கேள்வி

முன்னாள் ஜனாதிபதிமாருக்கு வீடு, வாகனம் கொடுத்த சட்டத்தைப் புதன்கிழமை பாராளுமன்றத்தில் எடுத்துவிட்டார்கள். ஒரு செய்தியில் ‘இரத்து’ என்கிறார்கள், இன்னொன்றில் ‘நீக்கம்’, டீவியில் ‘ஒழிப்பு’. மூன்றும் ஒன்றா? அப்படி எடுத்த சட்டம் ஆரம்பத்திலிருந்தே இல்லாத கணக்கா? அப்படியென்றால் நம்ம மலையகத் தமிழரோட பிரஜாவுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தையும்தான் நீக்கியாச்சே, அப்ப நாம எப்பவுமே பிரஜைகளாத்தான் இருந்தோம்னு சொல்லலாமா அண்ணே?

14 செப்டம்பர், காலை

தம்பி, மூன்று கேள்வியை ஒரே மூச்சில் கேட்டுவிட்டீர்கள். முதலில் நறுக்கென்று பதில். மூன்று சொல்லும் ஒன்றல்ல. நீக்கிய சட்டம் ஆரம்பத்திலிருந்தே இல்லாத கணக்கும் அல்ல. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை யாரும் நீக்கவே இல்லை, இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கிறது. இந்தக் கடைசி விஷயத்தைச் சொன்னால் நம் ஆட்களில் பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள், அதை ஆறுதலாகப் பேசுவோம்.

நான் லோயர் இல்லை, ஹட்டனில் ஒரு சட்டத்தரணியிடம் வெகுகாலமாக லிகிதர் வேலை. மனு அடிப்பது, கோப்பு தூக்குவது, வருகிறவர்களுக்கு டீ சொல்வது. அதனால் நான் சொல்வதைச் சட்ட ஆலோசனை என்று எடுத்துக்கொண்டு போய் யாரும் நீதிமன்றத்தில் நிற்க வேண்டாம்.

பாராளுமன்றம் ஒரு சட்டத்தை இன்னொரு சட்டத்தால் எடுத்துப்போடுவதற்கு நம் நாட்டுச் சட்டத் தமிழில் ‘நீக்கல்’ என்று பெயர். சட்டப் புத்தகத்தைத் திறந்தால் ‘இத்தால் நீக்கப்படுகின்றது’ என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். ‘இரத்து’ என்பது பெரும்பாலும் லைசன்ஸ், பதிவு, நியமனம், வர்த்தமானி அறிவித்தல் மாதிரியானவைக்கு. ‘ஒழிப்பு’ ஒரு பதவியையோ முறையையோ இல்லாமல் செய்வது. நிறைவேற்று ஜனாதிபதி முறை ஒழிப்பு என்று எனக்கு மீசை முளைத்த நாளிலிருந்து கேட்கிறேன், அதற்கு நரைத்தும் விட்டது. பேப்பர்காரருக்கு இந்த வித்தியாசமெல்லாம் தேவையில்லை, தலைப்புக்குள் எது அடங்குகிறதோ அதைப் போடுவார்.

இப்போது போனது 1986ஆம் ஆண்டு 4ஆம் இலக்கச் சட்டம். அதை நீக்கியது 2025ஆம் ஆண்டு 18ஆம் இலக்கச் சட்டம். அடுத்த நாளே மஹிந்த ராஜபக்ஷ கொழும்பு விஜேராம வீட்டை விட்டுத் தங்காலைக்குப் போய்விட்டார். ஆனால் இத்தனை வருசம் அந்த வீட்டில் இருந்ததற்கு வாடகை கட்டு என்று இந்த நீக்கத்தை வைத்து யாரும் கேட்க முடியாது. உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில்: நீக்கம் முன்னால் பார்க்கும், பின்னால் திரும்பிப் பார்க்காது.

14 செப்டம்பர், இரவு

சொல் எங்கிருந்து வந்தது என்று பண்டாரவளை ஐயா ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கும் பிடித்த விஷயம்.

ஆங்கிலத்தில் ‘ரிப்பீல்’ என்கிறோமே, அது பழைய பிரெஞ்சு ‘ரபெலே’. அப்பீல் என்ற சொல்லுக்கும் அதுவே சொந்தக்காரன். அப்பீல் என்றால் கூப்பிடுவது, அதன் முன் ‘ரி’ சேர்ந்தால் திரும்பக் கூப்பிடுவது. ஊருக்குள் அனுப்பிய சட்டத்தை ‘வா இங்கே’ என்று திரும்ப அழைத்துக்கொள்கிறார்கள். ‘ரிவோக்’ லத்தீன் வழி வந்தது, அதுவும் திரும்பக் கூப்பிடுவதுதான். ‘ரிசிண்ட்’ என்றால் வெட்டிவிடுவது. ‘கேன்சல்’ எல்லாவற்றிலும் வேடிக்கை: லத்தீனில் கம்பித் தட்டிக்குக் ‘கன்செல்லி’ என்று பெயர், எழுதிய பத்திரத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டால் தட்டி மாதிரித் தெரியுமல்லவா, அதிலிருந்து வந்தது.

நம் பக்கம் பார்த்தால் ‘இரத்து’ அரபியில் ‘ரத்’, உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. திருப்பிவிடுதல், மறுத்தல் என்று பொருள். இந்தியாவில் ‘ரத்து’ என்று எழுதுகிறார்கள், நாம் முன்னால் ஓர் ‘இ’ போட்டுக்கொள்கிறோம். 2021இல் மோடி மூன்று வேளாண் சட்டங்களை எடுத்தபோது தமிழ்நாட்டுப் பேப்பர்களில் ‘வாபஸ்’. அது பாரசீகம், திரும்ப என்று அர்த்தம்.

17 செப்டம்பர்

‘அப்ரொகேட்’ என்றும் ஒன்று இருக்கிறதே என்று அதே ஐயா. இருக்கிறது, அதற்குள்தான் கதையே இருக்கிறது.

எங்கள் பெரிய லோயருக்கு லத்தீன் பைத்தியம். மழை பிடித்து கட்சிக்காரர் வராத நாட்களில் மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அப்படிக் கேட்டதுதான் இது. ரோமில் ஒரு புதுச் சட்டம் வேண்டுமென்றால் பதவியில் இருப்பவர் மக்களைக் கூட்டிக் கேட்க வேண்டும். லத்தீனில் ‘ரொகாரே’ என்றால் கேட்பது. சட்டம் என்பதே ஒரு கேள்வி: நீங்கள் இதை விரும்புகிறீர்களா, கட்டளையிடுகிறீர்களா? பிற்காலத்தில் சிறு பலகையில் எழுத்துப் போட்டு வாக்களித்தார்கள். ‘நீ கேட்டபடியே ஆகட்டும்’ என்பதற்கு இரண்டு எழுத்து. வேண்டாம் என்றால் ஒரே எழுத்து, ‘அந்திக்குவோ’ என்பதன் முதல் எழுத்து. பழையபடியே இருக்கட்டும் என்று அர்த்தம்.

அந்தக் கேட்டலை முழுதாக எடுத்தால் அப்ரொகேட். ஒரு துண்டை மட்டும் எடுத்தால் டெரொகேட். பழையதற்கு மாறாகப் புதியது ஒன்றைக் கொண்டுவந்து பழையதை மாற்றினால் ஒப்ரொகேட். பழைய சட்டத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் சப்ரொகேட். உல்பியன் என்ற ரோமச் சட்ட அறிஞர் பேரில் வந்திருக்கும் நூலொன்றில் இந்த நாலும் இருக்கின்றன. இன்றைக்கு நம் பாராளுமன்றம் செய்வதும் இதே நாலு வேலைதான், நாம் மூன்றைத் திருத்தம் என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டோம்.

18 செப்டம்பர்

தமிழ் உரையை வைத்து வாதாட முடியுமா என்று கேட்ட தங்கச்சிக்கு: கையில் அகப்பட்ட ஏதாவது ஒரு சட்டத்தின் கடைசிப் பிரிவைப் பாருங்கள். சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே ‘ஒவ்வாமை’ ஏற்படுமிடத்து சிங்கள உரையே மேலோங்கி நிற்றல் வேண்டும் என்று இருக்கும். முதன்முதலில் வாசித்தபோது எந்த மருந்துக்கு ஒவ்வாமை என்று யோசித்தேன். அதனால் தமிழில் ‘நீக்கல்’ என்று போட்டிருக்கிறதே என்று அடம்பிடிப்பதில் பயனில்லை. சிங்களத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும், பெரும்பாலும் ‘இவத் கிரீம’. அதுவும் நீக்கல்தான்.

23 செப்டம்பர்

இனித் தம்பி, எடுத்த சட்டம் ஆரம்பத்திலிருந்தே இல்லாத கணக்கா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்குத் திரும்பவும் வருகிறேன், கொஞ்சம் நீளும்.

சில வருசத்துக்கு முன் மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அம்மா எங்கள் ஒப்பீசுக்கு வந்தார். கொழுந்தெடுத்துப் பென்சன் ஆனவர். மகனுக்கு ஏதோ பதிவு செய்யப் போன இடத்தில் அவருடைய பிரஜாவுரிமைச் சான்றிதழைக் கேட்டிருக்கிறார்கள். பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். நாலாக மடித்தது, மடிப்பு அத்தனையும் கிழிந்து, பின்பக்கம் செலோடேப் ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளாகி, எல்லாவற்றையும் ஒரு லஞ்ச் ஷீட்டில் சுற்றி வைத்திருந்தார். கவுண்டரில் இருந்தவர் மேலே இருந்த சட்டத்தின் பெயரையும் வருசத்தையும் பார்த்துவிட்டு ‘இதெல்லாம் பழைய சட்டம், இப்ப இல்ல, புதுசா எடுத்துட்டு வாங்க’ என்று திருப்பிவிட்டார். நம் ஆட்களை இலங்கையும் இந்தியாவும் பங்கு பிரித்துக்கொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்த வந்த 1967ஆம் ஆண்டு 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவானவர் அவர். நம் ஆட்கள் ‘பதிவுப் பிரஜை’ என்பார்களே, அந்த வகை.

அந்த அம்மா அழவில்லை, கோபப்படவும் இல்லை. ‘சட்டம் செத்துப்போச்சுன்னா நானும் பழையபடி நாடற்றவளா தம்பி?’ என்று மட்டும் கேட்டார்.

பெரிய லோயர் பொருள்கோடல் கட்டளைச் சட்டத்தை எடுத்தார், மற்றச் சட்டங்களை எப்படிப் பொருள்கொள்வது என்று சொல்லும் சட்டம் அது. 1901ஆம் ஆண்டு 21ஆம் இலக்கம், வெள்ளைக்காரன் காலத்தது, இப்போதும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் 6ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு. ஒரு சட்டம் நீக்கப்பட்டால், வேறு விதமாக வெளிப்படையாகச் சொல்லாதவரை, அந்தச் சட்டத்தின் கீழ் அதற்கு முன் முறைப்படி செய்யப்பட்ட எதையும் நீக்கம் தொடாது. கிடைத்த உரிமை கிடைத்ததுதான், செய்த குற்றம் செய்ததுதான், பட்ட தண்டனையும் பட்டதுதான். பாதியில் நிற்கும் வழக்கைச் சட்டம் நீக்கப்படாத மாதிரியே நடத்தி முடிக்கலாம்.

அந்த 1967ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது இருக்கிறதா இல்லையா என்று நாங்கள் தேடவே இல்லை. தேவைப்படவில்லை. இருந்தால் சான்றிதழ் செல்லும், இல்லாமல் போயிருந்தாலும் செல்லும். ஒரு பக்கத்தில் கடிதம் அடித்துக் கொடுத்தோம், வேலை நடந்தது. கவுண்டரில் இருந்தவர் ‘ஆ, இப்படியா’ என்றாராம், அவ்வளவுதான். சட்டம் தெரியாததால் அல்ல, ஒரு தோட்டத்து அம்மா திரும்பி வரமாட்டார் என்ற நம்பிக்கையில்தான் இந்த மாதிரிப் பதில்கள் வருகின்றன என்பது என் எண்ணம்.

24 செப்டம்பர்

‘அப்படியென்றால் நீக்கிய சட்டத்தை நீக்கினால் பழையது எழும்பி வருமா?’ – நாவலப்பிட்டி வாசகர். கெட்டிக்காரக் கேள்வி. வராது. அதே 6ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு அதற்குத்தான் இருக்கிறது: வெளிப்படையாகச் சொன்னாலொழிய, நீக்கிய சட்டத்தின் நீக்கம் செத்ததை எழுப்பாது. இரண்டாவது உட்பிரிவும் உபயோகமானது. பழையதை எடுத்து அந்த இடத்தில் புதியதைப் போடும்போது புதியது நடைமுறைக்கு வரும்வரை பழையது போகாது. இடையில் வெற்றிடம் விழக்கூடாது என்பதுதான் கணக்கு.

அரசியலமைப்பிலும் பார்த்தோமே. 17ஆவது திருத்தம் (2001) அரசியலமைப்புப் பேரவையைக் கொண்டுவந்தது, 18 (2010) அதை எடுத்தது, 19 (2015) திரும்பக் கொண்டுவந்தது, 20 (2020) மறுபடி எடுத்தது, 21 (2022) மறுபடியும் கொண்டுவந்தது. 20ஐத் தூக்கினால் 19 தானாக வந்துவிடும் என்று 2022 அரகலயப் போராட்ட நேரத்தில் எத்தனை பேர் மேடையில் பேசினார்கள்! தானாக வரவில்லை. 21இல் அந்த அத்தியாயத்தை மறுபடி முழுக்க எழுதித்தான் போட்டார்கள்.

இதில் இன்னொன்று. சாதாரணச் சட்டத்தை வெறுமனே நீக்கிவிட்டுப் போகலாம், அரசியலமைப்பை அப்படி முடியாது. 82ஆவது உறுப்புரையின்படி, அதை நீக்கும் சட்டமூலத்துக்குள்ளேயே அதற்குப் பதிலாக வருவதும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒழுங்குப் பத்திரத்திலேயே ஏறாது.

2 ஒக்டோபர்

மாத்தளை ஆள் ஒருவர் ‘1848இல் எங்கள் ஊரில் அடித்த அடியில்தான் வரியை நீக்கினார்கள், சட்டப் பிரிவால் இல்லை’ என்று எழுதியிருக்கிறார். நியாயமான பெருமை. டொரிங்டன் ஆளுநராக இருந்தபோது நாய்க்கு வரி, துவக்குக்கு வரி, கடைக்கு வரி, வீதி வேலைக்கு ஆளாக வா அல்லது காசு கட்டு என்று வரிசையாகப் போட்டார்கள். கொங்காலேகொட பண்டா, வீரபுரன் அப்பு என்று கிளம்பினார்கள். கலவரத்தை ஈவிரக்கமில்லாமல் அடக்கினார்கள், ஆனாலும் அந்த வரிகளில் பலவற்றைக் கைவிட வேண்டியதாயிற்று. 1850இல் டொரிங்டனையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. சட்டத்தோடு ஆளுநரையும் சேர்த்தே ரிப்பீல் பண்ணினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

வீதி வேலை மட்டும் உருமாறி மிஞ்சியது. மலைநாட்டு ரோட்டுகளுக்குக் கூலியில்லாத கை தேவைப்பட்டதே.

5 ஒக்டோபர்

சிங்களத்தில் ‘அஹோசி’ என்றுதான் சொல்வார்கள், ‘இவத்’ இல்லை என்று கண்டியிலிருந்து ஒருவர். இரண்டும் உண்டு. பேச்சிலும் செய்தியிலும் அஹோசி அதிகம், ஒழிப்பு என்ற தொனியில். அது பாளிச் சொல், ‘இருந்தது’ என்று பொருள். பௌத்தத்தில் ‘அஹோசி கம்ம’ என்பது பலன் தரும் காலம் கடந்து செயலிழந்துபோன கர்மம். சட்டத்தை எடுக்கும்போது ‘அது இல்லை’ என்று சொல்லாமல் ‘அது இருந்தது’ என்று சொல்கிறார்கள். நான் கேட்டதில் மிகச் சரியான சொல் இதுதான். இதை எங்கள் லோயரிடம் சொன்னபோது லத்தீன் அகராதியை ஒரு நிமிசம் மூடி வைத்தார்.

11 ஒக்டோபர்

உபயோகிக்காமல் விட்டால் சட்டம் தானாகச் செத்துவிடாதா?

ரோமரிடம் கேட்டால் ஆம். யாரும் கைக்கொள்ளாத சட்டம் எல்லோருடைய மௌனச் சம்மதத்தாலும் போய்விடும் என்று ஜூலியன் என்பவர் சொன்னது ஜஸ்டினியனின் தொகுப்பில் இருக்கிறது. ஒல்லாந்துச் சட்ட ஆசிரியர் யொஹானஸ் வூட் அதைப் பின்பற்றினார். நம் நாட்டுப் பொதுச் சட்டம் உரோம–டச்சுச் சட்டம் என்பதால் இந்தப் பேச்சு இங்கேயும் காதில் விழும். ஆங்கிலேயனிடம் கேட்டால் இல்லை. பாராளுமன்றம் எடுக்கும்வரை சட்டம் சட்டம்தான், தூசு படிந்தாலும். நடைமுறையில் நாம் எழுதிய சட்டங்களுக்கு ஆங்கிலேயன் வழியில்தான் போகிறோம்.

அதனால்தான் நம்மைப் பற்றிய பழைய சட்டங்கள் அலமாரியில் அப்படியே கிடக்கின்றன. இந்தியத் தொழிலாளரைப் பற்றிய 1889ஆம் ஆண்டு 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1956ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் இடம்பிடித்திருந்தது. அதற்கும் முந்தியது 1865ஆம் ஆண்டு 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம். சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனால் மறியல், அதாவது சிறை, என்ற சட்டம் அது. வேலையை விடுவது கடன் தகராறு மாதிரி சிவில் விசயம்தானே, அதைக் குற்றமாக்கியிருந்தார்கள். பொன்னம்பலம் அருணாசலம் போன்றவர்கள் கத்திக் கத்தித்தான் 1920களின் தொடக்கத்தில் அந்தத் தண்டனைகள் போயின. போனது தண்டனைதான், சட்டம் முழுதாகப் போகவில்லை. ரோமர் கணக்கில் சொன்னால் டெரொகேட்.

‘துண்டு’ கதை இன்னும் வேறு. ஓர் ஆள்கட்டு, அதாவது ஒரு கங்காணியின் கீழ் இருக்கும் தொழிலாளர் கூட்டம், ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் இவர்களுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. புதுத் துரை அதைக் கட்டி ஆளை எடுப்பார், கடன் கங்காணி வழியாகத் தொழிலாளி தலையில் வந்து உட்காரும். அது எந்தச் சட்டமும் இல்லை, வழக்கம். வழக்கத்தை நீக்க முடியாது, தடைதான் போட முடியும். 1921இல் துண்டைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். எங்கள் பாட்டி வரைக்கும் கடன் என்ற சொல்லுக்குப் பதில் துண்டு என்றே பேசினார்கள், ‘கடைக்காரன் துண்டு ஏறிக்கிட்டே போகுது’ என்று. சொல்லுக்குத் தடை போட எந்த வர்த்தமானியாலும் ஆகவில்லை.

19 ஒக்டோபர்

1700 ரூபாய் வர்த்தமானியையும் நீக்கினார்கள்தானே என்று அக்கரப்பத்தனையிலிருந்து சூடாக ஒரு கேள்வி. பொறுங்கள். 2024 ஏப்ரல் கடைசியில் தொழில் அமைச்சின் வர்த்தமானி வந்தது, 1350 அடிப்படை, 350 மேலதிகம். கம்பெனிகள் நீதிமன்றம் போனார்கள். ஜூலையில் உயர் நீதிமன்றம் கொடுத்தது இடைக்காலத் தடை. தடை என்றால் நீக்கமில்லை, அறிவித்தல் இருந்த இடத்தில் இருக்கும், ஆனால் அதைச் செயற்படுத்த முடியாது. காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் ‘1700 கேன்சல்’ என்று பேச்சு அடிபட்டது, கங்காணிமாரே அப்படித்தான் சொன்னார்கள். கேன்சலும் இல்லை அப்போது. அமைச்சர் போட்ட அறிவித்தலை அமைச்சர் திரும்ப எடுக்கலாம், அதுதான் இரத்து. விதி போடும் அதிகாரத்துக்குள்ளேயே அதைத் திருத்தவும் திரும்பப் பெறவும் அதிகாரம் அடங்கியிருக்கிறது. நீதிமன்றம் செல்லாது என்று தள்ளினால் அது வேறு.

சம்பளத்துக்குக் காத்திருக்கிறவருக்கு இந்த வித்தியாசமெல்லாம் என்னத்துக்கு என்று கேட்கலாம். பிரயோசனம் உண்டு. தடையென்றால் வழக்கைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், இரத்தென்றால் மறுபடி முதலிலிருந்து ரோட்டுக்கு இறங்க வேண்டும்.

30 ஒக்டோபர்

இன்றைய திகதியை நம் ஆட்கள் மறக்க மாட்டார்கள். 1964 ஒக்டோபர் 30, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளி, 1974இல் ஆளுக்குப் பாதி 75,000 என்று பிரித்தார்கள். கேட்டது யார், சம்மதித்தது யார் என்று ரோமர்களை வைத்து நக்கல் அடிக்கத் தோன்றுகிறது, வேண்டாம். எங்கள் லயத்திலிருந்து போன குடும்பங்களை ஏற்றிய ஒப்பாரிக் கோச்சி (ரயில்) பற்றி அம்மா சொல்லியிருக்கிறார், அதைத் தனியாக எழுத வேண்டும்.

தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் இந்தியத் தமிழர் என்று ஒரு வரி கிடையாது. இங்கே பிறந்தால் போதாது, அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது அப்பாவின் அப்பாவும் அவருக்கு அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்று மட்டும் இருந்தது. அந்தக் காலத்து லயத்தில் யாரிடம் தாத்தாவின் பிறப்புச் சான்றிதழ் இருக்கும்? 1949இல் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தம் வாக்கையும் எடுத்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஏழு பேர் இருந்தார்கள், 1952இல் ஒருவர்கூட இல்லை. ருவன்வெல்லத் தொகுதி வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லிக் கோடக்கன் பிள்ளை என்பவர் போட்ட வழக்கு லண்டன் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) வரை போய் 1953இல் தோற்றது. சட்டத்தில் இனத்தின் பெயர் இல்லையே என்றார்கள்.

பிறகு என்ன ஆனது? நம் ஆட்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கத் தனித்தனிச் சட்டங்கள் வந்தன: 1967, 1986, 1988, கடைசியாக 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம். 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்தவருக்கும் இங்கே வாழும் அவர் வாரிசுகளுக்கும் பிரஜாவுரிமை. எந்தத் திகதியிலிருந்து? அந்த 2003ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்த திகதியிலிருந்து. 1948இலிருந்து என்று அதில் இல்லை.

ஆக 1948ஐ யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. அதன் பக்கத்தில் ஒவ்வொரு கதவாக வெட்டி நம்மை உள்ளே விட்டார்கள், சுவர் அப்படியே நிற்கிறது. ‘எப்பவுமே பிரஜைகளாக இருந்தோம்’ என்று மனதில் சொல்லிக்கொள்ளலாம், சட்டத்தில் சொல்ல முடியாது.

1 நவம்பர்

எதிர்பார்த்த சண்டை வந்துவிட்டது. ‘அப்படியென்றால் 1948ஐ இப்பவாவது நீக்கச் சொல்லிப் போராடணும்’ என்று மூன்று நாலு பேர். கோபம் நியாயம்தான். எனக்கும் ஒரு காலத்தில் அதே ஆசை.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தச் சட்டம் நம்மை வெளியே தள்ளியது மட்டும் இல்லை, இன்றைக்கு இந்த நாட்டில் பிறக்கும் சிங்களப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நம் பிள்ளை எல்லோரும் பிரஜையாவது அதன் 5ஆம் பிரிவால்தான். அப்பா வழி மட்டும் என்றிருந்ததை 2003ஆம் ஆண்டு 16ஆம் இலக்கத் திருத்தம் மாற்றி, அம்மா பிரஜையென்றாலும் போதும் என்றாக்கியது. பதிலுக்கு ஒன்று இல்லாமல் மொட்டையாக நீக்கினால் நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்கு எந்தச் சட்டத்தைக் காட்டுவது? ஏற்கெனவே பிரஜையாக இருப்பவரைப் பொருள்கோடல் கட்டளைச் சட்டத்தின் 6(3) காப்பாற்றும், இனிப் பிறப்பவரை யார் காப்பாற்றுவது?

2 நவம்பர்

ராத்திரி படுத்து யோசித்ததில் நேற்று எழுதியது கொஞ்சம் லிகிதர் பேச்சாக இருக்கிறது. புதிதாக ஒரு பிரஜாவுரிமைச் சட்டம் எழுதி, அதே சட்டத்தில் 1948ஐ நீக்கி, நம் ஆட்களின் பிரஜாவுரிமை அவரவர் பிறந்த நாளிலிருந்தே இருந்ததாகக் கருதப்படும் என்று ஒரு வரி போடலாம். பின்னோக்கிச் செல்லும் சட்டம் செய்யப் பாராளுமன்றத்துக்கு அரசியலமைப்பின் 75ஆவது உறுப்புரையில் அதிகாரம் இருக்கிறது. 6ஆம் பிரிவும் வெளிப்படையாகச் சொல்லாவிட்டால்தான் குறுக்கே நிற்கும். போட்ட கையெழுத்தும் போன கோச்சியும் திரும்பாது, ஆனால் காகிதத்தில் அந்த இடைவெளியை மூடலாம். கேட்பதென்றால் இதைக் கேட்க வேண்டும். ‘நீக்கு’ என்று மட்டும் பதாகை பிடித்தால் நீக்கிவிட்டுப் போவார்கள், பதில் சட்டத்தை எழுதும் மேசையில் நாம் இருக்க மாட்டோம்.

6 நவம்பர்

பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பற்றிக் கேட்டவருக்கு ஒரே ஒரு தகவல். 1979ஆம் ஆண்டு 48ஆம் இலக்கம், அதன் பெயரிலேயே ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்று இருக்கிறது. மூன்று வருசத்தில் தானாகக் காலாவதியாக வேண்டியது. 1982இல் 10ஆம் இலக்கத் திருத்தம் அந்தக் கால எல்லையை எடுத்துவிட்டது. நீக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிருக்க வேண்டிய சட்டத்துக்குத்தான் இத்தனை வருசமாக நீக்கக் கோரிக்கை. பெயரில் தற்காலிகம் அப்படியே இருக்கிறது, அதை மட்டும் யாரும் திருத்தவில்லை.

9 நவம்பர்

பதுளையிலிருந்து: ‘கண்டியச் சட்டம், தேசவழமை இதெல்லாம் நீக்கினால் மலையகத்தாருக்கு என்ன ஆகும்?’

ஒன்றும் ஆகாது. இரண்டும் நமக்குப் பொருந்தாது. கண்டியச் சட்டம் கண்டிச் சிங்களவருக்கு, நாம் கண்டியிலேயே பிறந்து வளர்ந்தாலும். தேசவழமை யாழ்ப்பாணத்தாருக்கு. நமக்குப் பொதுச் சட்டம்தான், கல்யாணப் பதிவும் 1907ஆம் ஆண்டு 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான். சொத்துப் பங்கு பற்றிக் கேட்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது. அதற்குத் தனியாக ஓர் இழை தொடங்குங்கள் ஐயா, இதில் இன்னும் எழுதினால் நாளைக்கு மனு அடிக்க எனக்கு விரல் இருக்காது.